வார்னிஷ் வாசம் வராத ஹால்

கரும்புக்கடை,
கோயம்புத்தூர்.
நோன்பு மாதம், வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து.

மதிப்புக்குரிய முதலாளி பாலகோபால் அவர்களுக்கு, அப்துல் மஜீத் சொல்லி எழுதுவது.

ஆண்டவன் புண்ணியத்தில் இந்த வீட்டில் எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். மெல்போர்னில் இப்போது வெயிலா குளிரா தெரியவில்லை. மகள் அக்ஷிதா வீட்டில் உங்களுக்கும் ராமாமணி அம்மாவுக்கும் சௌகரியமாக இருக்கும் என்று நம்புகிறேன். அம்மாவின் முட்டி வலிக்கு அந்த ஊர்க் குளிர் ஆகாது. கம்பளிக் காலுறை போடச் சொல்லுங்கள்.

கடிதத்தை முதலாளி என்று ஆரம்பித்ததைப் பார்த்து உங்கள் முகம் சுருங்கியிருக்கும். நாம் இரண்டு பேரும் மட்டும் இருந்தால் பாலண்ணா, மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தாலும் முதலாளி. உங்கள் அப்பா காலத்து பவுண்டரியில் நான் மோல்டிங் அடிக்கச் சேர்ந்தபோதே நாம் வைத்துக்கொண்ட ஒப்பந்தம் அது. இப்போது மூன்றாவது ஆள் இருக்கிறான். ஜெராக்ஸ் கடை சிக்கந்தர் நான் சொல்லச் சொல்ல கம்ப்யூட்டரில் அடிக்கிறான். வீட்டில் என் மருமகள் ரிஃபானாவே முத்து முத்தாக எழுதுவாள். ஆனால் அவள் கையெழுத்து உங்கள் மகன் தேஜா தம்பிக்கு அடையாளம் தெரியும், நாளைக்கு இது அவர் கண்ணில் பட்டால் அவளுடைய பட்டறை வேலைக்கு ஆபத்து. அதனால்தான் இந்த ஏற்பாடு.

போனில் பேசலாம் என்று பார்த்தேன். மணி அடித்து அடித்து ஓய்கிறது. சிக்கந்தர் வாட்ஸப்பில் என் குரலைப் பதிந்து அனுப்பினான். நீலக் கோடு விழுந்துவிட்டது, கேட்டுவிட்டார் தாத்தா என்றான். கேட்டும் பதில் வரவில்லை. என் குரலைக் கேட்கப் பிடிக்காவிட்டால் எழுத்தையாவது படியுங்கள். எனக்கு எழுத்து வராது, உங்களுக்கு வரும்.

பேத்தி அஃப்ரா எப்படி இருக்கிறாள் என்று முன்பெல்லாம் முதல் வார்த்தையாகக் கேட்பீர்கள். கேட்காமலே சொல்கிறேன். இருமுகிறாள். உங்கள் வயண்டிங் ஷெட்டில், அவள் அம்மா காயில் சுற்றுகிற மேஜைக்கு அடியில், மோட்டார் வருகிற அட்டைப் பெட்டிக்குள் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்திலேயே வார்னிஷ் தொட்டி. ராத்திரி தலையில் எண்ணெய் வைக்கும்போதுகூட முடியில் அந்த வாசம்தான் அடிக்கிறது.

தாத்தா வீட்டில்தானே இருக்கிறார், பார்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும். பார்த்தேன். இடுப்பு எலும்பு முறிந்து கம்பி வைத்த ஆள் நான், நாற்காலியை விட்டு எழுந்து நிற்பதற்குள் அவள் கதவைத் திறந்துகொண்டு மெயின் ரோட்டுக்குப் போய்விட்டாள். ஒரு லாரிக்காரன் பிரேக்கை மிதித்து, இறங்கி வந்து, பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, என்னைத் திட்டக்கூட மனசு வராமல் போனான். என் மகன் உவைஸ் விடிவதற்கு முன்னாலேயே லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய் ஏற்றப் போய்விடுகிறான். அதன்பிறகு ரிஃபானா பிள்ளையை என்னிடம் விடுவதில்லை. அவள் என்னைக் குறை சொல்லவில்லை. “மாமா, நீங்க தூங்குங்க, நான் கூட்டிட்டுப் போயிக்கறேன்” என்றுதான் சொன்னாள்.

முதலாளி, நான் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன். எழுதி வைக்கத் தெரியாததால் எல்லாவற்றையும் மனசிலேயே வைத்துக்கொண்டு பழகியவன். அது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். எந்த வார்ப்புக்கு எந்த மணல் என்று உங்கள் அப்பா ஒரு தடவை சொன்னால் போதும், இரண்டாவது தடவை கேட்கமாட்டேன். ஏதாவது மறந்துவிட்டால், “பாயைக் கூப்புடுங்க, அவருதான் நம்ம பீரோ” என்று நீங்களே சிரிப்பீர்கள்.

அந்த பீரோவைத் திறக்கிறேன், கோபப்படாமல் படியுங்கள்.

கரண்டு நாளெல்லாம் இல்லாமல் போன வருஷங்களில் பட்டறையில் இருந்த ஆம்பிளைகள் எல்லாம் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள். நீங்கள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து நோன்புக் கஞ்சி குடித்துக்கொண்டே சொன்னீர்கள். “ஏனுங்க பாய், உங்க பக்கத்துப் பொம்பளைகளுக்கு வயண்டிங் பழக்கிக் குடுத்தா வருவாங்களாங்க? வெரல் சன்னமா இருக்கறவங்களுக்குத்தான் அந்த வேலை படியும்.” நான் சந்து சந்தாகப் போனேன். பெண் பிள்ளைகளைப் பட்டறைக்கு அனுப்புவதா என்று கதவைச் சாத்தினார்கள். கடைசியில் ஒரு பெரியம்மாதான், “கேட்டுல மஜீத் பாய் உக்காந்திருப்பாருன்னா அனுப்பறோம்” என்றது. உட்கார்ந்தேன். இடுப்பு முறிகிறவரைக்கும் அந்தக் கேட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண்கள் உங்கள் விளம்பரத்தைப் பார்த்து வரவில்லை. என் வார்த்தையை நம்பி வந்தவர்கள்.

அவர்கள் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். வேறு எங்கே விடுவார்கள்? அப்போதுதான் காயில் சுற்ற வந்த ரூபினாவின் பையன் அஃபானுக்கு அந்தக் காரியம் நடந்தது. வார்னிஷில் முக்கி எடுத்த காயிலை ஓவனில் வைக்கிற நேரம், நடை பழகுகிற பிள்ளை தள்ளாடிக்கொண்டே போய் ஓவன் கதவில் வலது கையை வைத்துவிட்டான். நீங்களே காரை ஓட்டினீர்கள். பின்சீட்டில் நானும் ரூபினாவும், அவள் மடியில் பிள்ளை. ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்திவிட்டு நீங்கள் அவளிடம் கும்பிட்டுக் கேட்டீர்கள். “அம்மணி, பட்டறைல நடந்துச்சுன்னு சொன்னீன்னா சீல் வெச்சுப்போடுவாங்க சாமி. இத்தனை குடும்பமும் தெருவுக்கு வந்துரும். ஊட்டுல சுடுதண்ணி கொட்டிருச்சுன்னு சொல்லிரு.” அவள் அப்படியே சொன்னாள். நர்சம்மா, “நீயெல்லாம் ஒரு தாயா? அடுப்புப் பக்கம் புள்ளைய உட்டுட்டு என்னத்தப் பார்த்துட்டு இருந்தே?” என்று வார்டே கேட்கிற மாதிரி திட்டினார். ரூபினா தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். நீங்களும் கேட்டுக்கொண்டுதான் நின்றீர்கள்.

வெளியே வந்து கார் கதவைத் திறக்காமல் நின்றீர்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, “பாய், இனி ஒரு கொழந்தை என்ற பட்டறைக்குள்ள கால் வெக்காதுங்க. இது சத்தியமுங்க” என்றீர்கள். அழுதீர்கள். அந்த அழுகை பொய்யில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். அதனால்தான் என்னால் இதை விழுங்க முடியவில்லை.

அப்புறம் நீங்களேதான் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தீர்கள். வேலைக்குப் போகிற ஏழைத் தாய்மாரின் பிள்ளைகளுக்குக் காப்பகம் நடத்த அரசாங்கம் பணம் கொடுக்கிறது, இடம் மட்டும் நாம் கொடுத்தால் போதும் என்றீர்கள். பட்டறைக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்துதானே, என் முன் ஹாலைக் கொடுத்தேன். என் மனைவி சபுரா அப்போது படுத்த படுக்கை. அவள் கட்டிலைத் தூக்கிப் பின்னறையில் போட்டோம். காற்று வராத அறை. ஆனாலும் பிள்ளைகள் சத்தம் கேட்கிறது என்று சந்தோஷமாக இருந்தாள், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் கண்ணை மூடினாள். வாடகை என்று யாரிடமும் கேட்டதில்லை.

திறப்பு விழாவன்று வந்த பெரிய அதிகாரி அம்மா பேசியது பாதிப் பேருக்குப் புரியவில்லை. நீங்கள் எழுந்து எங்கள் பெண்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னீர்கள். “ஏனுங்கம்மா, கவர்மெண்டு எதுக்குங்க இந்தப் பணத்தைக் குடுக்குது? கொழந்தைக்குச் சத்துமாவு கிண்டிப் போடறதுக்கு மட்டும்னு நெனச்சுப்போடாதீங்க. பெத்தவ மனசு புள்ளைகிட்ட இருந்தா கையி வேலைல நிக்காதுங்க. அவ நிம்மதியா நாலு காசு சம்பாதிக்கோணும். அக்காக்காரி பள்ளிக்கூடத்த உட்டுப்போட்டு தம்பிய இடுப்புல தூக்கிட்டு நிக்கக்கூடாது. ஏழை ஊட்டுக் கொழந்தையும் மத்த கொழந்தைக மாதிரி ஒண்ணாப்புக்குப் போறப்ப நாலு பாட்டு தெரிஞ்சு போகோணும். இது தருமமில்லைங்க, உங்களுக்குச் சேர வேண்டியதுங்க.” பெண்கள் கை தட்டினார்கள். சபுரா பின்னறையிலிருந்து, “யாரு அது, ஓட்டுக் கேக்க வந்தவங்களா, இம்புட்டு நல்லாப் பேசறாங்க?” என்று கேட்டாள். நீங்களும் சிரித்தீர்கள்.

நல்லபடியாகவே நடந்தது. டீச்சரம்மா தங்கமானவர். பிள்ளைகள் மத்தியானம் பாயில் வரிசையாகத் தூங்குவார்கள், சந்துக்கு அந்தப்பக்கம் அவர்கள் அம்மாக்கள் மிஷின் சுற்றுகிற சத்தமே அவர்களுக்குத் தாலாட்டு. நீங்கள் வெள்ளிக்கிழமை தோறும் கடலை மிட்டாயோடு வருவீர்கள். அஃப்ரா பேச ஆரம்பித்தபோது அவள் அப்பனை அத்தா என்பதற்கு முன்னால் மிட்டா என்றுதான் சொன்னாள்.

பிறகு சட்டம் மாறியதோ, ஆள் மாறியதோ தெரியவில்லை. புதிதாக வந்த அதிகாரி அம்மா, தாய்மார் வேலை செய்கிறார்கள் என்று அவர்களுடைய முதலாளியே நேரில் சொல்ல வேண்டும் என்றார். அதில் என்ன கஷ்டம், பெரிய முதலாளி வந்து சொல்வார் என்று நான்தான் டீச்சரிடம் சொன்னேன். ஐம்பது பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருக்கிற இடத்தில் முதலாளியே தன் செலவில் காப்பகம் வைக்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருப்பது அப்போது எனக்குத் தெரியாது. அதற்குப் பயந்துதான் தேஜா தம்பி ஒரே ஷெட்டை இரண்டு சின்னக் கம்பெனி மாதிரிக் காட்ட இரண்டு பெயர்ப் பலகை மாட்டி, பாதிப் பெண்களைக் கணக்கிலேயே காட்டாமல் வைத்திருந்தார் என்பதும் பிறகுதான் தெரிந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது, பலகையில் ஒரு பெயர் எழுதினால் என்ன, இரண்டு எழுதினால் என்ன?

அதிகாரி அம்மா வருகிற அன்று காலையில் பட்டறை வாசலில் வேன் வந்து நின்றது. வயண்டிங் பெண்களுக்கு இலவசக் கண் பரிசோதனை, சரவணம்பட்டிப் பக்கம் முகாம், சம்பளத்தோடு லீவு என்றார்கள். பெண்கள் கல்யாணத்துக்குப் போவது மாதிரி ஏறினார்கள். நுணுக்கமான கம்பியையே பார்த்துப் பார்த்துக் கண் போனவர்கள் அல்லவா? “பெரிய முதலாளி மகராசன், எங்க கண்ணைப் பத்தி அவரு ஒருத்தருதான் நெனைக்கறாரு” என்று ரூபினா ஜன்னல் வழியாகக் கத்திக்கொண்டு போனாள். நானும் கையாட்டி அனுப்பி வைத்தேன்.

மத்தியானம் நீங்களும் தேஜா தம்பியும் என் ஹாலுக்கு வந்தீர்கள். அஃப்ரா தூக்கம் கலைந்து எழுந்து ஓடிவந்து உங்கள் காலைக் கட்டிக்கொண்டு மிட்டா என்றாள். நீங்கள் அவள் கையைப் பிரித்து விட்டீர்கள். எனக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது. அதிகாரி அம்மா கேட்டார். நீங்கள், “எங்க யூனிட்டுல பொம்பளைக ஏழெட்டுப் பேருதானுங்க மேடம். அவங்களுக்கெல்லாம் வளந்த புள்ளைக” என்றீர்கள். வாய் தவறிச் சொல்கிறீர்கள் என்று நினைத்து நான் நாற்காலியிலிருந்தே ஒவ்வொரு பிள்ளையாகக் காட்டி, அதன் தாய் பெயர், அவள் எந்த மேஜையில் எந்த மோட்டாருக்குச் சுற்றுகிறாள், எந்த வருஷம் நான் அழைத்து வந்தேன் என்று சொல்லிக்கொண்டே போனேன். சந்துக்கு அந்தப்பக்கம் பட்டறையில் வந்து பாருங்கள் என்றேன். அந்த அம்மா போய்ப் பார்த்தார். காலி மேஜைகள். ஓரத்தில் ஏழெட்டுப் பேர்.

திரும்பி வந்ததும் நீங்கள் அவரிடம், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள். “பெரியவருக்கு வயசாயிருச்சுங்க மேடம். ஞாபகம் கொஞ்சம் தப்புதுங்க. ரொம்ப நாள் எங்ககிட்ட வேலை செஞ்சவரு, அதனால நாங்களும் ஒண்ணும் சொல்லிக்கறதில்லைங்க.”

பாய் என்றுகூட இல்லை. பெரியவர்.

அந்த அம்மா என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பக்கத்தில் வந்து என் தோளைத் தடவி, “தாத்தா, நீங்க டென்ஷன் ஆகாம உக்காருங்க, மாத்திரை போட்டீங்களா?” என்றார். தேஜா தம்பி போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது, முதலாளி. நாம் சொன்னதெல்லாம் நடக்கவில்லையோ என்று. என்னிடம் வேறு சொத்து ஏது? இருக்கிற ஒன்றையும் நீங்கள் என் வீட்டு ஹாலிலேயே வைத்து உடைத்துவிட்டுப் போனீர்கள்.

சாயங்காலம் வேன் திரும்பி வந்தது. கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் பெண்களுக்குக் கிட்டத்தில் எதுவும் சரியாகத் தெரியவில்லை. தடவித் தடவிக்கொண்டு பிள்ளைகளை எடுக்க வந்தார்கள். ரிஃபானா அஃப்ராவின் முகத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்து, “மாமா, இது என்ற புள்ளதானே, மாத்திக் கீத்திக் குடுத்துராதீங்க” என்று சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். உங்களை வாழ்த்திக்கொண்டே போனார்கள். அன்றைக்கு அவர்களிடம் எதையும் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

பொங்கல் கழிந்ததும் காப்பகத்துக்கு வந்த அரசாங்கப் பணம் நின்றது. டீச்சரை வேறு ஊருக்குப் போட்டார்கள். ஹாலில் பூட்டு. நீங்களும் மகள் வீட்டுக்கு விமானம் ஏறிவிட்டீர்கள், சொல்லிக்கொள்ளாமல். சந்தில் போகிறவர்கள் என்னிடம்தான் கேட்கிறார்கள். “உங்க பேச்சை நம்பித்தானுங்களே பாய் அனுப்புனோம்?” இரண்டு வீட்டில் பெண்ணை வேலைக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள். ஒரு வீட்டில் ஆறாவது படிக்கிற பெண் பிள்ளை தம்பியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறது. நீங்கள் எது நடக்கக்கூடாது என்று பேசினீர்களோ அது என் வீட்டுக்கு எதிரிலேயே நடக்கிறது. அரசாங்கம் அந்தப் பணத்தை ஏழைத் தாய்க்கென்றுதான் கொடுத்தது. நடந்த வரைக்கும் அதில் உங்களுக்கு ஒரு செலவு மிச்சமானது. அதற்காக நான் வருத்தப்படவில்லை. உங்களுக்கும் லாபம், பிள்ளைகளுக்கும் நிழல் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர்களுக்காக ஒரு உண்மையைச் சொல்லவேண்டி வந்தபோது அவர்களையே இல்லை என்று சொல்லிவிட்டீர்களே.

போன திங்கட்கிழமை உவைஸ் ஆட்டோவில் படுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனேன். கைநாட்டு வைத்தேன். அந்த அதிகாரி அம்மாவே வந்தார். நல்ல மனுஷி. பெருநாள் முடிந்த வாரம் மறுபடி வந்து பார்க்கிறேன், ஆனால் நீங்கள் சொல்வதை மட்டும் வைத்து நான் எழுத முடியாது தாத்தா, ஏற்கனவே உங்கள் ஞாபகத்தைப் பற்றி அப்படிச் சொல்லியிருக்கிறார்களே, உங்களை நன்றாகத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்றார்.

யாரைச் சொல்வேன்? சபுரா இல்லை. என்னோடு மோல்டிங் அடித்த ஆறுச்சாமியும் போய்ச் சேர்ந்துவிட்டான். என் மனசில் இருப்பதெல்லாம் நடந்ததுதான் என்று சொல்ல இந்த உலகத்தில் மிச்சமிருப்பது நீங்கள் ஒருவர்தான்.

உங்களிடம் நான் பட்டறையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தேஜா தம்பியைக் காட்டிக்கொடுங்கள் என்றும் சொல்லவில்லை. பெற்றவனுக்கு மகன்தான் முதலில், நானும் பெற்றவன்தான். அந்த அம்மாவின் போன் நம்பரைச் சிக்கந்தர் தனித்தாளில் அடித்து இதோடு வைக்கிறான். கூப்பிட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள். மஜீத் பாய்க்கு ஞாபகம் தப்பவில்லை என்று. அவ்வளவு போதும். மிச்சத்தை நான் பேசிக்கொள்கிறேன்.

இன்னொரு சங்கதி. அஃபான் இப்போது மூன்றாவது படிக்கிறான். இடது கையால்தான் எழுதுகிறான், நன்றாகவே எழுதுகிறான். மேடம் வருகிற அன்று அவனையும் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று ரூபினா கேட்கிறாள். மெல்போர்னிலிருந்து பதில் வரட்டும், அதுவரை பொறு அம்மணி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சிக்கந்தர் பக்கத்தில்தான் இருக்கிறான், இருந்தால் இருக்கட்டும். பாலண்ணா, ஹால் பூட்டின் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. பிள்ளைகள் பாயை வெயிலில் போட்டு உதறி மடித்து வைத்திருக்கிறேன். இன்றைக்கு நோன்பு திறக்கும் முன் உங்களுக்காகத்தான் துஆ கேட்கப் போகிறேன். உங்களுக்கு நீண்ட ஆயுசும், கடைசி வரைக்கும் நல்ல ஞாபகமும் நம்மைப் படைத்த அந்த ரப்பு தரட்டும்.

உங்கள்,
அப்துல் மஜீத்
(இடது கைப் பெருவிரல் ரேகை)